அப்பாவின் முதுகில் இருந்த தடங்கள்

1

அப்பா விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள்: வேம்பார் சூசை, சாத்தான்குளத்திலிருந்து அப்பாவோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், தார்ப்பாய் கட்டுகிற இசக்கி, வரிசையில் நின்ற லாரி ஒன்றின் டிரைவர். இல்லாதவர்கள்: காலையில் ஆள் எண்ணிவிட்டுப் போன சூப்பர்வைசர், முதலுதவிப் பெட்டியின் சாவியை வைத்திருந்தவர், அம்மா, நான்.

நான் ஜெர்மனியில், ரூர் என்கிற பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் இருதய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். தூத்துக்குடியில் காலை பத்தரை என்றால் இங்கே ஏழு. வேலை மாறுகிற நேரம். முன்பின் தெரியாத பன்னிரண்டு பேரின் இதயம் எப்படி இருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு மனப்பாடம்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இதை எழுத வேண்டும் என்று நினைத்ததில்லை. போன வாரம் என் மகளின் பாலர் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாசலில் வைத்து நீங்கள் குழந்தையை முதுகில் பலமுறை அடித்ததை எங்கள் ஊழியர்கள் இருவர் பார்த்திருக்கிறார்கள், அதுபற்றிப் பேச வாருங்கள் என்று எழுதியிருந்தது. மரியாதையான கடிதம்தான். அடியில் மூன்று பேர் கையெழுத்து.

மகளுக்கு நாலு வயது. அன்று ஷூ மாட்டும்போது அவளுக்கு இருமல் வந்தது. என் கை தானாகக் குவிந்து அவள் முதுகில் தட்டியது. ஆறு தடவை இருக்கும். சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது. அது அடி இல்லை. ஆனால் அந்தக் கையை அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கனவே ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அப்படிப் பார்த்தார்கள்.

2

துறைமுகத்தில் கரிக் கப்பல் வந்து நின்றால் எங்கள் வீட்டில் முதலில் கறுப்பது கொடியில் காய்கிற வெள்ளைத் துணி. அப்பா கரி யார்டில் கான்ட்ராக்ட் கூலி. லாரியில் ஏற்றும்போது சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி குவிப்பதுதான் வேலை. மலை மலையாகக் கரி குவிந்திருக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. தலையில் துண்டு, மூக்கில் துண்டின் நுனி. அவ்வளவுதான் பாதுகாப்பு.

அப்பாவின் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரி தட்டுதல் என்பார்கள். வேலை முடிந்ததும் குழாயடியில் ஒருவன் குனிந்து முழங்காலில் கை ஊன்றி நிற்பான். இன்னொருவன் கையைக் குவித்து, பிடரிக்குக் கீழிருந்து இடுப்பு வரை ஓங்கி ஓங்கித் தட்டுவான். குனிந்தவன் காறித் துப்புவான். முதல் எச்சில் கறுப்பு. அது சாம்பல் நிறத்துக்கு வரும்வரை தட்டு விடக் கூடாது. பிறகு ஆள் மாறும். கடைசியில் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு. சூசையின் கை பெரிய கை. கரிக்கு வருவதற்கு முன்னால் கடலில் வலை இழுத்த கை. அவன் தட்டினால் சத்தம் காம்பவுண்டுக்கு வெளியே கேட்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்றைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அப்பா வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் குனிவார். அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து தட்டுவாள். அவர்களுக்குள் ஏதாவது சண்டை நடந்த நாளாக இருந்தால் இரண்டு மூன்று கூடுதலாக விழும். “வஞ்சத்தையும் சேத்து எறக்குதியா?” என்று அப்பா குனிந்தபடியே கேட்பார்.

அம்மா உப்பளத்துக்குப் போன நாட்களில் நான் தட்டியிருக்கிறேன். எனக்கு எட்டு ஒன்பது வயது. அப்பாவின் முதுகுதான் நான் முதலில் கவனித்த நோயாளி என்று சொன்னால் மிகையில்லை. எத்தனை தட்டில் எச்சில் வெளுக்கிறது என்று எண்ணி வைப்பேன். வருஷா வருஷம் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. சுண்ணாம்புச் சுவரில் நான் கோடு போட்டதைப் பார்த்து அப்பா, ஏதோ பள்ளிக்கூடக் கணக்கு என்று சந்தோஷப்பட்டார்.

3

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் ஏறிய முதல் ஆள் நான். நர்ஸிங் படித்து, ஜெர்மன் மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் தேறி இங்கே வந்தேன். வந்த முதல் குளிர்காலத்தில் வார்டு டாக்டர் ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். தூசி, புகை என்றால் நுரையீரல்தான் கெடும் என்று உலகம் முழுவதும் நினைக்கிறார்கள்; ஆனால் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தூசி நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்துக்குள் இறங்குகிறது, ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது, அங்கே கொழுப்பு படிகிறது, ரத்தம் உறைகிறது என்றார். காற்று மோசமாக இருக்கிற நாட்களில் மாரடைப்பு கேஸ்கள் கூடுதலாக வரும் என்றார். டில்லியானாலும் சரி, இந்த ரூர் நகரங்களானாலும் சரி, கெட்ட காற்று ஆளைக் கொல்கிற பெரிய வழி இருமல் இல்லை, நெஞ்சுவலியும் பக்கவாதமும்தான் என்றார்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சையிலும் எழுதினேன். முழு மதிப்பெண்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு போன் போட்டேன். மாஸ்க் கேளுங்கள், கரிமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், கேட்பது உங்கள் உரிமை என்றெல்லாம் வாரம் தவறாமல் சொன்னேன். அப்பாவும் ஒருநாள் கேட்டுவிட்டார். அதுவும் வெளியிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்திருந்த நேரத்தில், அவர் முன்னாலேயே. அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் கான்ட்ராக்டர் அந்தக் கூட்டம் முழுவதற்கும் ஒரு வாரம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

டீக்கடையில் வைத்து சூசை அப்பாவை மறித்தான். “ஒனக்கு ஒம் மவன் ஜெர்மனியில இருந்து சோறு போடுவான். எம் புள்ளைக்கு யாருல போடுவா?” என்று கேட்டான். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் குத்து விழுந்தது. கீழ்ப்பல் ஒன்று உடைந்து டீக்கடைப் பெஞ்சில் தெறித்தது. அப்பா கையிலிருந்த கண்ணாடி டம்ளரை அப்படியே அவன் நெற்றியில் வீசி அடித்தார். சூசைக்குப் புருவத்துக்கு மேல் ஐந்து தையல். இரண்டு பேரையும் பிரித்துவிடப் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் பின்னால் சாட்சிகள் ஆனார்கள்.

வேலை மறுபடி தொடங்கிய இரண்டாம் நாள், அதே குழாயடியில், சூசை குனிய அப்பா தட்டியிருக்கிறார். அப்பா குனிய சூசை தட்டியிருக்கிறான். எனக்கு போனில் கேட்கவே பொறுக்கவில்லை. பல்லை உடைத்தவன் கையில் முதுகைக் கொடுப்பீர்களா என்றேன்.

“சண்டை சண்டைல. தட்டு தட்டு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் அப்பா.

4

அந்த நாளைப் பற்றி இசக்கி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

பத்து மணி வாக்கில் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. சூசையைக் கூப்பிட்டு, “கரி அடைச்சிட்டுல. நல்லா தட்டு,” என்றார்.

சூசை தட்டினான். எச்சில் வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். அப்பா, பத்தாது, இன்னும் என்றார். இடது கை மரத்துப் போகிறது என்றார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக் குனிய வைத்தார்கள். சூசை உள்ளங்கையை விட்டுவிட்டு முட்டியை மடக்கிக் குத்தத் தொடங்கினான். அப்பா வாந்தி எடுத்தார். கரி வெளியே வருகிறது என்று அவர்களுக்குச் சந்தோஷம். மறுபடி குத்தினான். இருபது நிமிஷம். எங்கள் வார்டில் இருபது நிமிஷத்தில் ஓர் ஆளின் அடைப்பைக் கண்டுபிடித்து உள்ளே கம்பி விடத் தயாராகிவிடுவார்கள்.

அப்பாவின் தலை தொங்கியதும்தான் சூசைக்குப் புரிந்திருக்கிறது. கன்னத்தில் மாறி மாறி அறைந்து பார்த்தான். பிறகு தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி, லாரிக்குள் கிடத்தினான். கேட்டில் லாரியை நிறுத்தினார்கள். வெளியே போகிற பாஸில் சீல் இல்லை. சீல் போடுகிறவர் இடத்தில் இல்லை. சூசை இறங்கிப் போய் மண்வெட்டியால் கேட்டிலிருந்த காவல் கூண்டின் கண்ணாடியை உடைத்தான். தடுத்தவனைக் கீழே தள்ளி மிதித்தான். கேட் திறந்தது. ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை.

முதுகில் ஒன்பது இடத்தில் கன்றிப் போயிருந்தது. அதைப் பார்த்த டியூட்டி டாக்டர் போலீசுக்குச் சொன்னார். அவர் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

5

பாலர் பள்ளிக்கு மனைவியும் நானும் போனோம். சின்ன நாற்காலிகள் போட்ட அறை. பொறுப்பாளர் அம்மா ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று என் வாயாலேயே கேட்டார். நான் பதற்றத்தில், தட்டுவதற்கு உள்ள சொல்லை விட்டுவிட்டு அடிப்பதற்கு உள்ள சொல்லையே சொன்னேன். திருத்துவதற்குள் எழுதிவிட்டார். மனைவி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மகளிடமும் விசாரித்திருக்கிறார்கள். அவளுக்கு ஜெர்மன் எங்கள் இருவரையும்விட நன்றாக வரும். எங்களிடம் தமிழ் பேசுவது, பருப்புச் சோறு கேட்பதற்கும் அழுவதற்கும் மட்டும்தான். நான் இருமினால் அப்பா பலமாக அடிப்பார், வலிக்காது, ஆனால் எனக்குப் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறாள். இதை அந்த அம்மா படித்துக் காட்டினார். நான்கு வயதுக் குழந்தை இத்தனை தெளிவாகப் பேசுகிறாள் என்று எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

விளக்கத்தை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். இந்தப் பழக்கத்துக்கு மருத்துவ ஆதாரம் உண்டா என்று கேட்டார் அந்த அம்மா. சளிக்கு முதுகில் தட்டுவது எங்கள் நர்ஸிங் புத்தகத்திலும் ஒரு காலத்தில் இருந்தது, இதயத்துக்கு இல்லை என்றேன். இதயம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. காகிதத்தைத் துளையிட்டு மகளின் ஃபைலில் கோத்தார். நாலு வயதில் அந்த ஃபைல் ஒரு விரல் தடிமன்.

இங்கே எல்லோருக்கும் ஃபைல் உண்டு. அப்பா போவதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வார்டில் ஹெல்முட் என்று ஒரு கிழவர் இருந்தார். முப்பது வருஷம் நிலக்கரியைச் சுடுகிற கோக் உலையில் வேலை பார்த்தவர். எந்த வருஷம் எந்த உலையில் எவ்வளவு தூசியில் நின்றார் என்பதற்கு அவரிடம் காகிதம் இருந்தது. தலையணைக்கடியில் வைத்திருப்பார். படுக்கை விரிப்பு மாற்றும்போது அதைத் தொட்டுவிட்டேன் என்று என் மணிக்கட்டில் ஓர் அடி கொடுத்தார். நல்ல அடி. நான் கோபப்படவில்லை. அப்பாவுக்கும் இப்படி ஒரு காகிதக் கட்டு இருந்தால் அவரும் அடிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கான்ட்ராக்டர் ரிஜிஸ்தரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் பெயர் மாறும். ஒரு தடவை முருகன், ஒரு தடவை ஜெபராஜ். தொடர்ந்து வேலை பார்த்ததாக ஆகிவிடக் கூடாதே.

6

அப்பா இறந்த மூன்றாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். பிணவறையில் அப்பாவைக் குப்புறப் புரட்டச் சொல்லி முதுகைப் பார்த்தேன். சூசையின் முட்டி விழுந்த இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்த நிமிஷம் சூசை என் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. பிறகு அப்பாவின் உதட்டை விலக்கி, உடைந்த பல்லையும் பார்த்தேன். என் போனால் உடைந்த பல்.

சித்தப்பா அதற்குள் புகார் கொடுத்திருந்தார். அப்பாவின் தம்பி, சாத்தான்குளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முன்பகையை மனதில் வைத்து சூசை அடித்தே கொன்றுவிட்டான் என்று புகார். சூசையை ரிமாண்ட் செய்து உள்ளே வைத்துவிட்டார்கள். அன்று மாலை கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் சித்தப்பாவோடு வீட்டுக்கு வந்தார். குடும்பத்துக்கு நாலு லட்சம் உதவி. புகார் அப்படியே இருக்க வேண்டும், அது மட்டும்தான் கேட்கிறார்கள் என்றார். அடிதடியில் செத்ததாக இருந்தால் அது வேலையால் வந்த சாவு ஆகாது. கரியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

“மதினி, போன உசுரு வராது. நாலு லட்சம் வரும். அவன் பல்லை ஒடச்சவந்தானே?” என்றார் சித்தப்பா. கெட்டவர் இல்லை அவர். அண்ணன் முதுகைப் பார்த்துவிட்டு வந்தவர்.

அவர் சொல்லி முடிக்கவும் சூசையின் மச்சினன்மார் மூன்று பேர் தெருவில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பேசத்தான் வந்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன். சித்தப்பாவோடு வந்த பையன்கள் பேச விடவில்லை. சைக்கிள் செயின், செங்கல், பந்தல் போட வைத்திருந்த சவுக்குக் கம்பு. ஒருவனுக்கு முழங்கை பிசகியது. ஒருவன் சாக்கடைக்குள் தலைகுப்புற விழுந்தான். விலக்கப் போன எனக்கு யாரோ ஹெல்மெட்டால் இடது காதில் அறைந்தார்கள். இன்றும் அந்தக் காதில் ஸ்டெதஸ்கோப்பை அழுத்தினால் வலிக்கும். வாசலில் அப்பாவைக் கிடத்தப் போட்டிருந்த பெஞ்சு இரண்டாக உடைந்து கிடந்தது.

அன்று அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். அப்பாவைக் கொன்றது சூசையின் கை இல்லை. இதயத்துக்குப் போகிற குழாய் அடைத்திருக்கிறது. பீடி, வயது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் மூச்சில் போன கரிக்கு அதில் பங்கு இல்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது நிமிஷத்தைத் தின்றது அவர்கள் தட்டியது. அது தெரியாமல் செய்த தப்பு. தெரிந்தவன் நான். மாஸ்க், மாஸ்க் என்று நாற்பது தடவை சொன்னேனே தவிர, நெஞ்சு வலித்தால் தட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று ஒரு தடவை சொன்னதில்லை. பரீட்சையில் எழுதியது பரீட்சையிலேயே நின்றுவிட்டது. என் புத்தியிலும் தூசி என்றால் இருமல்தான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சூசை வெளியே வராவிட்டால் எத்தனை வருஷம் உள்ளே இருப்பான் என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆயுள் தண்டனைகூட ஆகலாம் என்றேன்.

7

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் பேசினார். நான் ஒரு தாளில் இதயம் வரைந்து, அடைப்பு எங்கே இருந்தது என்று பிரேதப் பரிசோதனை டாக்டர் சொன்னதை விளக்கினேன். இறுதி அறிக்கை வர நாளாகும் என்றார். நீங்கள் சம்பவ இடத்தில் இருந்தீர்களா என்றும் கேட்டார். இல்லை சார் என்றேன்.

“பழைய பகை இருக்கு. காயம் இருக்கு. ஒங்க சித்தப்பா கொடுத்த புகார் இருக்கு. பெறவு நான் என்ன செய்யட்டும் தம்பி?”

அதுவரை பின்னால் நின்ற அம்மா முன்னால் வந்தாள்.

“எழுதிக்கிடுங்க ஐயா. நானுந்தான் அடிச்சேன்.”

எப்போது என்று கேட்டார் அவர்.

“முப்பது வருசமா. வாரத்துல ரெண்டு நாளு. அடியில சாகுத ஆளா இருந்தா அவிய எங் கையிலயே எப்பவோ செத்திருக்கணும்.”

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, “குனி எய்யா,” என்றாள்.

நான் குனிந்து முழங்காலில் கை ஊன்றினேன். அம்மா தட்டினாள். உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாருகிற பலகை இழுத்த கை. முதல் தட்டிலேயே ரைட்டர் எழுந்து நின்றார். நாலாவது தட்டில் லாக்கப் பக்கமிருந்த காவலர் ஓடி வந்தார். அம்மா நிறுத்தவில்லை. ஒன்பது வரைக்கும் தட்டினாள். கடைசி மூன்றும் முட்டியால். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியால்தான். பிறகு என் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“செவந்திருக்கா? நாளைக்குப் பாருங்க, கன்னிப்போயிரும். எம் புள்ள செத்தா போயிட்டான்? சூசை மேல கேசுன்னா எம் மேலயும் போடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள இருக்கோம்.”

ஒரு பெண் காவலர் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நான் வரைந்த தாளை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். அம்மாவின் வாக்குமூலம் அன்றே பதிவாயிற்று.

8

சூசை இருபத்துமூன்றாம் நாள் ஜாமீனில் வெளியே வந்தான். எங்கள் தெரு முனைவரை வந்து, வீட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான் என்று சொன்னார்கள். உள்ளே வரவில்லை. இப்போது யார் குனிந்தாலும் அவன் கை நீளுவதில்லையாம். அவர்கள் எல்லோருடைய போனுக்கும் மாதத்துக்கு ஒருமுறை நான் பேசி அனுப்புகிறேன்: நெஞ்சு வலி, வேர்வை, இடது கை மரத்தல், தட்டாதீங்க, தூக்கிட்டு ஓடுங்க. இசக்கி மட்டும் பதில் அனுப்புவான்: “சரி டாக்டரே. கேட் சீலு யாருட்ட வாங்க?”

டாக்டரின் இறுதி அறிக்கை வந்ததும் வழக்கை முடிக்க ஒரு காகிதம் தந்தார்கள். நோயால் ஏற்பட்ட இயற்கை மரணம், யார்மீதும் சந்தேகம் இல்லை என்று குடும்பத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகவே நான் லீவை நீட்டியிருந்தேன். இயற்கை என்ற சொல்லை என்னால் கடக்க முடியவில்லை. அதை அடித்துவிட்டு, வேலையிடத்துக் கரித்தூசியால் என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். அதை எழுதினால் அது வேறு கேஸ், வேறு ஆபீஸ். அந்த ஆபீஸ் கேட்கிற ரிஜிஸ்தரில் உங்கள் அப்பா பெயரே இல்லையே தம்பி என்றார் ரைட்டர். இதை முடிக்காவிட்டால் சூசை வாய்தாவுக்கு அலைந்துகொண்டே இருப்பான் என்றும் சொன்னார்.

நான் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இயற்கை என்றால் என்ன என்று கேட்டாள். தானாக வந்த சாவு என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைப்பெட்டியை இழுத்துப் பெருவிரலை அழுத்தினாள்.

சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கான்ட்ராக்டரின் ஆளும் வரவில்லை. பணம் கிடையாது என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சூசையை வழக்கிலிருந்து விடுவிக்க அம்மா வைத்த அந்த ஒரு கைநாட்டுக்கு எங்களுக்கு ஆன செலவு, நாலு லட்சம் ரூபாய்.